பாண்டிருப்பு வரைக்கும் வந்தவர்

கல்முனையில் நான் வேலை செய்யும் சனல் சென்டர், வெளியூர் டொக்டர்மார் வந்து நோயாளிகளைப் பார்க்கும் இடம், ஒரு பழைய வீட்டில் நடக்கிறது. முன் விறாந்தையில் நோயாளிகள் உட்காரும் வாங்குகள், நடு மண்டபத்தில் மருந்துக் கவுண்டர், அதற்குப் பின்னால் வெளிச்சம் குறைந்த ஒரு நீள அறை. அந்த அறையின் மூலையில் பெரிய இரும்பு அலுமாரி போல ஒரு கூண்டு நிற்கிறது. உள்ளே ஒரு கதிரை, ஒரு ஹெட்போன், சிறிய கண்ணாடி யன்னல். கனத்த கதவைச் சாத்தினால் பிரதான வீதியின் இரைச்சலும் பள்ளிவாசல் பாங்கும் உள்ளே போகாது. ஆட்களை அதற்குள் இருத்தி அவர்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்று அளந்து எழுதுவது பதினொரு வருடமாக என் வேலை.

சனிக்கிழமைகளில் மட்டக்களப்பிலிருந்து காது மூக்கு தொண்டை டொக்டர் தனஞ்சயன் வருவார். அந்தச் சனிக்கிழமையும் வந்திருந்தார். முற்பகல் பதினொன்றரை மணி இருக்கும். ஏப்ரல் மாதத்து வெயில் வாசல் சீமெந்தில் கொதித்துக்கொண்டிருந்தது. திரை கட்டிய ஓட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் இறங்கியவர் சுபைறா மாமி, என் தங்கையின் மாமியார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளை உடுப்பில் இறங்கியவளைக் கண்டதும் நான் எழுந்துவிட்டேன்.

ஆகிலா. என் தங்கை.

அவள் வெளியே வரக்கூடாத நாள் அது. கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் துக்கம் காத்து இத்தா இருப்பாள். வீட்டுப் படி இறங்கமாட்டாள். அன்று ஆகிலாவின் தொண்ணூற்றேழாம் நாள்.

"என்னத்துக்கு மாமி கூட்டி வந்த?" என்று கேட்டேன்.

"நீ காலத்தால வேலைக்குப் போன கையோட பாத்தன். வாய் கொப்புளிச்ச தண்ணி ஒரு பக்கத்தால ஒழுகுது" என்றார் மாமி. "உனக்குச் சொல்ல வேணாம் எண்டு அழுறா. ஊரார்ட காதையெல்லாம் அளக்கிற ஒருத்தி வீட்டில இரிக்கா, தங்கச்சிர காது என்ன பாடு எண்டு தெரியா!"

மாமி அவளுடைய முக்காட்டை விலக்கினார். வலப்பக்க முகம் முழுவதும் கீழே இறங்கியிருந்தது. அந்தக் கண் மூடவில்லை. வாயின் ஓரம் நூல் அறுந்ததுபோலத் தொங்கியது.

பிறகுதான் மணம் வந்தது. கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் அடியில் பல நாள் தேங்கிக் கறுத்த தண்ணீரின் மணம்.

அந்தக் காதின் கதையைச் சொல்லவேண்டும். சுனாமி வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது, அவளுக்கு ஒன்பது. உம்மாவும் வாப்பாவும் ஒரே அலையில் போனார்கள். ஆகிலாவை ஒரு மதிலோரத்தில், சேற்றுக்குள் வலப்பக்கமாகக் கிடந்த நிலையில் எடுத்தார்கள். அன்றிலிருந்து பத்தொன்பது வருடமாக வலது காது ஊறிக்கொண்டிருந்தது. மருந்து விட்டால் காயும், மறுபடி ஊறும். இரண்டு வருடத்துக்கு முன் டொக்டர் தனஞ்சயன் பார்த்துச் சொன்னார்: செவிப்பறைக்குப் பின்னால் தோல் ஒரு பைபோல வளர்ந்திருக்கிறது, அது எலும்பைத் தின்றுகொண்டு போகும், சத்திரசிகிச்சைதான் வழி. அரச வைத்தியசாலையில் பெயர் பதிந்தோம். பதினைந்து மாதம் காத்திருந்து ஒரு திகதி கிடைத்தது.

திகதிக்கு ஏழு கிழமை இருக்கும்போது அவளுடைய கணவர் றாஸிக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தை மாதக் கடல். மூன்றாம் நாள் தெற்கே வினாயகபுரத்துக் கரையில் படகு மட்டும் ஒதுங்கியது. ஆளில்லை. பதினொரு நாள் தேடிப் பார்த்துவிட்டு, பள்ளிவாசலில் மையத்து இல்லாமலே, உடலைக் காணாமலே, ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள்.

"மையத்தக் காணாம எப்பிடி ராத்தா இத்தா இரிக்கிற?" என்று ஆகிலா கேட்டாள். "அவர் உசிரோட எங்கயும் ஒதுங்கி இரிந்தா?"

படகு ஒதுங்கிய நாளிலிருந்து எண்ணி அவளை அறைக்குள் இருத்தியது நான்தான். சத்திரசிகிச்சைத் திகதியைத் தள்ளிப்போட்டதும் நான்தான். நோய்க்காக வெளியே போகலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று மௌலவி தெளிவாகச் சொன்னார். ஆனால் மருதமுனையில் எங்கள் வீட்டு ஒழுங்கைப் பெண்களின் வாயை நான் அறிவேன். புருஷனின் மையத்து கரை சேரவில்லை, இவள் காது காட்டப் போகிறாள் என்பார்கள். அந்தக் கிழமை காதும் காய்ந்திருந்தது. நான்கு மாதம்தானே, இத்தா முடியட்டும் என்று வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்தேன். காதுகளைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருத்தி செய்திருந்தால் அது பிழை. நான் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குக் கலியாணமானபோது வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் ஓர் அறையும் குசினியும் கட்டிக்கொண்டு இருந்தேன். தினமும் மாலையில் வேலை விட்டு வந்து கதவடியில் நின்று கேட்பேன்: "மருந்து விட்டியா புள்ள?" "ஓம் ராத்தா" என்பாள். நாற்பதாம் நாளுக்குப் பிறகு அவள் அறையில் எந்நேரமும் சாம்பிராணி புகைந்தது. துக்கம் என்று நினைத்தேன்.

டொக்டர் நுணுக்குக்காட்டியில் காதைப் பார்த்தார். ஊறலை உறிஞ்சி எடுத்தார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். வலது கண் திறந்தே இருந்தது. இசைக்கவையைத் தட்டி நெற்றியின் நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது தங்கச்சி?"

ஆகிலா இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

என்னை வெளியே கூப்பிட்டு மெல்லச் சொன்னார். "முகத்து நரம்பில பட்டிட்டுது. திங்கட்கிழமை காலமை வெட்டவேணும். ரெண்டு நாளுக்கு மேல விட்டா மூளைக்குப் போயிரும். இப்பவே போயிருக்கலாம். ஸ்கானுக்கு அனுப்பு. அதுக்கு முதல் கேள்விய ஒருக்கா அளந்து தா, ஒப்பரேஷனுக்கு முந்தின நிலை எழுத்தில இருக்கட்டும்."

கூண்டுக்குள் அவளை இருத்தி ஹெட்போனை மாட்டினேன். கையில் சுவிட்சைக் கொடுத்தேன். சத்தம் கேட்டால் அமத்தவேண்டும். அமத்தினால் வெளியே என் மேசையில் சிவப்பு லைட் எரியும். சுபைறா மாமி என் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் குந்தினார்.

"எனக்கும் ஒருக்கா அளந்து பாரன்கா. வேண்டாத கதையெல்லாம் நல்லாக் கேக்குது, மருமகள் கூப்பிட்டாத்தான் கேக்குதில்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது.

இடது காது நல்ல நிலையில் இருந்தது. மெல்லிய சத்தத்துக்கும் லைட் எரிந்தது.

வலது காதை அளக்கும்போது இடது காதுக்குள் மழை இரைச்சல் போல ஒரு சத்தத்தைப் போடுவோம். இல்லாவிட்டால் நல்ல காது கூடாத காதுக்காகக் கேட்டுவிடும். இரைச்சலைப் போட்டு, வலப்பக்கத்துக்குச் சத்தத்தை அனுப்பினேன். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்கும் கருவியை மாட்டிவிட்டு அதிலும் கடைசி அளவு வரை போனேன்.

லைட் எரியவில்லை.

உள்காதும் செத்துவிட்டது. அட்டையில் குறிப்பதற்காகப் பேனையை எடுத்தேன். இயந்திரத்தில் என் கை இல்லை.

லைட் எரிந்தது.

அணைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி எரிந்தது.

சிலர் சும்மா அமத்துவார்கள். கண்ணாடியால் பார்த்தேன். ஆகிலா என்னைப் பார்க்கவில்லை. தலையை வலப்பக்கமாகச் சாய்த்து, ஒருவர் சொல்வதைக் கேட்பவள் போல இருந்தாள். தலையாட்டினாள். முகத்தின் உயிருள்ள பாதி சிரித்தது.

வலப்பக்க வயரைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

லைட் எரிந்தது.

அவளுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. கூண்டுக்குள் இருப்பவர் பேசுவதை வெளியே கேட்பதற்கு ஒரு சிறிய ஒலிபெருக்கி இருக்கிறது. அதைப் போட்டேன்.

"...ஓம். ஓம், திண்டன்" என்றாள் ஆகிலா. "இல்ல, அது கல்முனை. அதத் தாண்டிட்டீங்க. இப்ப நிக்கிறது பாண்டிருப்பு. கரைய இடக்கைப் பக்கம் வெச்சிக்கொண்டு வாங்க."

இடது காதில் இரைச்சல். வலது காது செத்தது. வெளியே இருந்து ஒரு சத்தமும் அவளுக்குள் போக வழியில்லை.

"களைக்குதா? நிண்டு நிண்டு வாங்க. நான் எங்கயும் போகமாட்டன்."

அவள் நிறுத்திய இடைவெளியில், ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் கேட்டது. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் காலை இழுத்து இழுத்து வைப்பதுபோல. ஒரு அடி. பிறகு இன்னொரு அடி.

"ஆர்கா உள்ளுக்கு நடக்கிற?" என்று மாமி கேட்டார்.

ஆகிலா கதிரையில் அசையாமல் இருந்தாள்.

நான் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டேன்.

கூண்டுக் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அந்தக் கூண்டில் வெளிக்காற்றுப் புகுவதில்லை, ஏசியும் இல்லை. அவளுக்கு முன்னால் முழங்காலில் குந்தி மெல்லக் கேட்டேன்.

"ஆரோட கதைச்ச?"

"அவரோட."

"எப்ப இரிந்து?"

"நாப்பதாம் நாளில இரிந்து." இப்போது சொல்லிவிட்டதில் அவளுக்கு நிம்மதிபோல இருந்தது. "வலக்காதுக்குள்ள மட்டும்தான் ராத்தா. முதல்ல பேரச் சொல்லிக் கூப்பிட்டார். மறுகா வழி கேட்டார். வினாயகபுரத்தில இரிந்து நடந்து வாறார். இருட்டாம், ஒண்டும் தெரியுதில்லையாம். நான் ஒவ்வொரு ஊராச் சொல்லிக் குடுக்கன். திருக்கோயில், அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், எல்லாம் தாண்டிட்டார். இனி ஒரு ஊர்தான், நம்மட ஊர்."

"மருந்து?"

தலையைக் குனிந்தாள். "மருந்து விட்டா அவர்ர சத்தம் தூரப் போகுது."

ஐம்பத்தேழு நாள் அவள் அந்தக் காதுக்கு ஒரு துளி மருந்தும் விடவில்லை. காது ஊற ஊற, அவர் கிட்ட வந்துகொண்டிருந்தார்.

மாமி என் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் அழவில்லை. கூண்டின் கதவைப் பிடித்தபடி உள்ளே குனிந்தார்.

"மகள்... குளிருதாமா எண்டு கேளு."

ஆகிலா தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

"இல்லையாம் மாமி. கால் மட்டும்தான் நோவுதாம்."

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. மூளையின் உறை வீங்கத் தொடங்கினால் இப்படிக் குரல்கள் கேட்கும் என்றார். செத்த காதிலும் கேட்குமா என்றேன். காது செத்தாலும் மூளை கேட்பதை நிறுத்தாது என்றார். ஒலிபெருக்கியில் கேட்ட சத்தத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

வெளியே வாங்கில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "திங்கட்கிழமைக்கு மேல இன்னும் ரெண்டு நாள்தானே மகள். பொறுப்பமே. பாண்டிருப்புக்கு வந்திட்டானாம்."

"ரெண்டு நாள் பொறுத்தா இவ மௌத்தாப் போயிருவா மாமி."

"பொறுக்காட்டி அவன் அங்கேயே நிப்பான்."

ஆகிலா கையெழுத்து வைக்க மறுத்தாள். அந்தக் காதை வெட்டினால் அவருக்கு யார் வழி சொல்வது என்று ஒரே கேள்வி. நான் மார்க்கத்தைச் சொன்னேன், உம்மாவைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

அப்போது நான் ஒரு பொய் சொன்னேன்.

"விசர்க் கதை கதைக்காத புள்ள. காது அடைச்சிக் கிடக்கிறதாலதான் அவர்ர சத்தம் உனக்கு மங்கலாக் கேக்குது. வெட்டித் துப்புரவாக்கினா இதவிட நல்லாக் கேக்கும். அவருக்கும் நீ கதைக்கிறது கேக்கும். நான் இதப் படிச்சவள், எனக்குத் தெரியாதா?"

அவள் நிமிர்ந்தாள். "உண்மையாவா ராத்தா?"

"அல்லாஹ்வில ஆணையா."

அவளுடைய அட்டை என் கையில் இருந்தது. வலது காதுக்குரிய பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த வெற்றுத் தாளைப் பிடித்துக்கொண்டுதான் ஆணையிட்டேன்.

கையெழுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை அறைக்குள் கொண்டுபோனார்கள். ஒரு மணி வரை நடந்தது. டொக்டர் தனஞ்சயன் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். பையை முழுவதும் எடுத்தாயிற்று என்றார். எலும்பு நினைத்ததைவிடத் தூரம் அரித்திருக்கிறது, மூளையின் உறை தெரிகிறது. பிறகு ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார்.

"என்ன டொக்டர்?"

"உள்ளுக்குத் தண்ணி இரிந்தது. ஊறல் இல்ல. சுத்தத் தண்ணி. எங்கால வந்தது எண்டு விளங்கல்ல. உறிஞ்ச உறிஞ்ச வந்தது, மறுகா தானா நிண்டிட்டுது." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "மூளை நீர் கசிஞ்சிருக்கும். அப்பிடித்தான் எழுதியிருக்கன்."

மாலை நான்கு மணிக்கு அவள் கண் விழித்தாள். தலை முழுக்க வெள்ளைக் கட்டு. கட்டிலின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் மாமி. அவள் நெடுநேரம் அசையாமல் கிடந்தாள். காது கொடுத்துக் கேட்கிறாள் என்று விளங்கியது.

"ராத்தா. கேக்குதில்ல."

"இப்பதானே வெட்டின. ரெண்டு நாளில கேக்கும்."

இரண்டு நாள் கேட்டாள். கண்ணைத் திறந்தபடி, மூச்சைக்கூட மெல்ல விட்டபடி. தாதிமார் பேசினால் கையைக் காட்டி நிறுத்தினாள். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. கழுத்து விறைத்தது. நான்காம் நாள் பகல், லுஹர் பாங்கு சொல்லி முடிந்த நேரம், என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"நீ ஆணையிட்டுச் சொன்ன" என்றாள்.

கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது.

"அவர் நான் சொல்ற வழியிலதான் வந்தவர் ராத்தா. இனி ஆர்ட்டக் கேப்பார்?"

அதற்குப் பிறகு அவள் கதைக்கவில்லை. அடுத்த நாள் விடிந்து சற்று நேரத்தில் மௌத்தானாள். இத்தாவின் நூற்று நான்காம் நாள். டொக்டர் என்னிடம் வந்து, இரண்டு மாதம் முந்தி வெட்டியிருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். அந்த இரண்டு மாதமும் என்னுடையது.

குளிப்பாட்டும்போது கட்டை அவிழ்த்தோம். காதுக்குப் பின்னால் தையல் சுத்தமாக, அழகாக இருந்தது. மணம் இல்லை. பத்தொன்பது வருடமாக ஊறிய அந்தக் காது முழுவதும் காய்ந்திருந்தது.

அடக்கம் முடிந்த மாலை சுபைறா மாமி தன் உடுப்புகளைப் பையில் கட்டினார். மகனின் வீடு என்றுதான் அங்கே வந்திருந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பேரையும் நீ ஒரு கையெழுத்தில முடிச்சிட்ட."

சாய்ந்தமருதில் மூத்த மகளிடம் இருக்கிறாராம். நான் போனால் கதவு திறப்பதில்லை. ஆகிலாவின் வீட்டைப் பூட்டினேன். அந்தப் பூட்டுக்குரிய திறப்பை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டாம் கிழமை வேலைக்குப் போகத் தொடங்கினேன். வேறு எங்கே போவது?

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை டொக்டர் ஒரு பெண்ணை அளப்பதற்கு அனுப்பினார். பெயர் மீனாம்பிகை. ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறையத் திருநீறு. காதுக்குள் சத்தம் கேட்கிறது என்று சீட்டில் எழுதியிருந்தது. அப்படி வருகிறவர்கள் அதிகம். இரைச்சல், விசில், வண்டுச் சத்தம் என்று சொல்வார்கள். அட்டையில் குறிப்பதற்காக வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"என்ன மாதிரிச் சத்தம் அம்மா?"

"சத்தம் இல்ல மிஸ், கதை" என்றார். "ஒரு ஆம்பிளட குரல். வாய்க்குள்ள தண்ணிய வெச்சிக்கொண்டு கதைக்கிற மாதிரி. என்ட மருமகள் சொல்றாள், வீட்டுக்குப் பக்கத்தில போன் டவர் இரிக்கி, மாமிர காது அத இழுக்குது எண்டு. அவள்ர காதுக்கு ஒண்டும் வருகுதில்ல, என்ட காதுதான் நல்ல காதாம்!" அவரே சிரித்தார்.

"என்ன கதைக்குது?"

"வழி கேக்குது. மருதமுனைக்கு எப்பிடிப் போற எண்டு. பாவம், ஒரு கிழமையா ஒரே கேள்வி. பிறகு நான்தான் சொன்னன், அடுத்த ஊர்தான் தம்பி, கரையோட வடக்கால போங்க எண்டு."

பேனை என் கையில் நின்றுவிட்டது.

"நீங்க எங்க இரிக்கிற?"

"பாண்டிருப்பு. கடற்கரைப் பக்கம்."

அவரை அளந்தேன். இரண்டு காதும் நல்ல காது. கூண்டை விட்டு இறங்கும்போது, "இப்பவும் கேக்குதா?" என்றேன்.

"வழி சொன்னதில இரிந்து கேக்குதில்ல மிஸ். போயிட்டார் போல."

அதற்குப் பிறகு நான் எல்லா அட்டையிலும் ஊரை மட்டுமல்ல, வீதியையும் எழுதத் தொடங்கினேன். ஜூனில் இருவர் வந்தார்கள். மருதமுனையின் தெற்கு எல்லையில் கைத்தறி நெய்கிற ஒருவர். தறிச் சத்தத்துக்கு மேலால் ஒருவர் கேட்கிறார் என்றார். என்ன கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. அடுத்தது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, கடற்கரை வீதி. இருவருக்கும் நல்ல காது. இருவருக்கும் ஓரிரு நாளில் நின்றுவிட்டது. நான் ஒவ்வொரு நாளும் ஓட்டோவில் வீடு திரும்பும்போது அந்த வீதிகளை எண்ணிக்கொண்டு வருவேன்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் வருவதற்கல்ல நான் பயந்தது. வந்தால் அவர் ஒன்றைத்தான் கேட்பார். அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவள் எங்கே என்று கேட்பார். அதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? அவர் இரவு பகல் தெரியாத தண்ணீருக்குள் நோகிற காலோடு ஊர் ஊராக வந்துகொண்டிருந்தபோது, பேசிக்கொண்டிருந்த குரலை இடையில் அறுத்தவள் நான்.

கடைசியாக வந்தவர் காலிதீன். எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீடு, சைக்கிள் திருத்துகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுவேன். நேற்றுப் பகல் பத்து மணிக்கு வந்தார். டொக்டர் இல்லாத நாள். சும்மா அளந்து பார் என்றார்.

"என்னத்துக்குக் காக்கா? உங்களுக்கு நல்லாத்தானே கேக்கும்."

"கேக்கும். அதான் பிரச்சினை. நாலைஞ்சு நாளா ஒருத்தன் காதுக்குள்ள நிண்டு தொல்லை. என்ட பொஞ்சாதி சொல்றா, உங்களுக்கு வேலவெட்டி இல்லாததால வாற நோய் எண்டு."

அளந்தேன். நல்ல காது. அவர் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் தந்தார்.

"இண்டைக்கு விடியச் சுபஹோட நிண்டிட்டுது" என்றார். "கடைசியா என்ன சொன்னான் தெரியுமா? இனி ஆர்ட்டயும் கேக்கத் தேவையில்ல, கிணறு தெரியுது எண்டான்."

எந்தக் கிணறு என்று நான் கேட்கவில்லை. எங்கள் வளவில் கிணறு ஆகிலாவின் பின்கதவுக்கு நேரே இருக்கிறது.

அவர் வாசல் வரை போய்ச் செருப்பைத் தேடினார். ஒன்றை மாட்டிக்கொண்டு, மற்றதைக் காலால் இழுத்தபடி திரும்பினார்.

"ஓ, கேக்க மறந்திட்டன் தங்கச்சி. ஆகிலாட வீட்ட வாடகைக்குக் குடுத்திட்டியா? வரக்குள்ள பாத்தன், முன்கதவு பின்கதவு எல்லாம் திறந்து கிடக்கு. உள்ளுக்குச் சாம்பிராணி மணக்குது. ஒரு பொம்பிள ஆரோடயோ சிரிச்சிச் சிரிச்சிக் கதைக்கிற சத்தம் கேட்டிச்சு."

நான் கைப்பையைத் திறந்து பார்த்தேன்.

திறப்பு ஈரமாக இருந்தது.